இடப்பக்கம் நீலம்

ஏப்ரல் 9

தம்பிக்கு,

போன் அடிச்சா எடுக்க மாட்டேங்கிற. பாப்பாகிட்ட கேட்டா, "அப்பா யார்கிட்டயும் பேசறதில்ல அத்தை"ன்னு அவளும் சுருக்கமா முடிச்சிடறா. அதான் பேனாவை எடுத்தேன். கிழிச்சுப் போடறதா இருந்தா படிச்சிட்டுக் கிழி.

ஒண்ணை முதல்லயே ஒத்துக்கறேன். பொண்ணையும் மாப்பிள்ளையையும் பின் சீட்டுல வெச்சுக்கிட்டு உன்னை அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மாப்பிள்ளை என்ன பண்றதுன்னு தெரியாம கண்ணாடி வழியா ஆகாசத்தைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தாரே, அதை நினைச்சா இப்பவும் எனக்கு ஒரு மாதிரிதான் இருக்கு. பேசின விதம் தப்பு. பேசின விஷயம் தப்பில்ல.

நீயே யோசிச்சுப் பாரு. அப்பாவோட லாரியில நடுவுல நசுங்கி உட்கார்ந்துக்கிட்டுப் போன காலத்திலேர்ந்து நம்ம பூ விளையாட்டுக்கு ரெண்டே சட்டம்தான். பூ பார்க்க வண்டியை நிறுத்தக் கூடாது. ஒருத்தர் பக்கத்தையும் நிறத்தையும் சொன்னா, இன்னொருத்தர் தன் கண்ணால பார்த்துட்டு "கண்டேன்"னு சொல்லணும், அப்பத்தான் அந்தப் பூ சேரும். வருஷா வருஷம் வசந்தம் வந்தா ரயிலேறி உன் வீட்டுக்கு வர்றேனே, அந்த ஞாயிற்றுக்கிழமை சவாரிக்காகத்தானே? ஆனா போன வருஷத்திலேர்ந்தே கவனிச்சுக்கிட்டு வர்றேன். நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள நீ "கண்டேன்"ங்கிற. தலையைக் கூடத் திருப்பறதில்ல. சரி, இவன் கண்ணுல ஏதோ கோளாறு, வெளியில சொல்ல வெட்கப்பட்டுக்கிட்டு மழுப்பறான்னு எனக்குப் பட்டுச்சு.

அதான் அந்த மேடு இறங்கற இடத்துல சோதிச்சேன். அங்கே உழுது போட்ட நிலம்தான்னு போகும்போதே பார்த்து வெச்சிருந்தேன். "இடப்பக்கம் நீலம், பெரிய படுகை"ன்னேன். நீ என்ன சொன்ன? "கண்டேன், என்னா நீலம்"னு சொன்ன. நிறுத்தச் சொல்லி எல்லாரும் இறங்கிப் பார்த்தோம். மண்ணாங்கட்டியைத் தவிர அங்கே என்ன இருந்துச்சு?

அதுக்கப்புறம் நான் பள்ளி ஆபீஸுக்குப் போன் பண்ணதைத்தான் நீ மன்னிக்க மாட்டேங்கிறேன்னு பாப்பா சொல்றா. ஏண்டா, நீ வேன்ல ஏத்திட்டுப் போறது காய்கறி மூட்டையா? ஊரான் வீட்டுப் பிள்ளைங்க. நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, தெரிஞ்சும் சும்மா இருந்தவங்கற பாவம் எனக்குத்தானே?

உன்னைவிட மூத்தவ நான். என் கண்ணுக்கு என்ன குறை? இப்பல்லாம் கண்ணாடி போடாமலே ஊசியில நூல் கோக்கறேன். என் தையல் கடையில வேலை செய்யற பொண்ணு அசந்துபோறா. உடம்பைப் பார்த்துக்கிட்டா எல்லாருக்கும் முடியும். வீம்பு பண்ணாம டாக்டர்கிட்ட போ.

நான் வாங்கித் தந்த கறுப்பு ரப்பர் செருப்பைப் போடறியா, அதுவும் கோபத்துல மூலையில கிடக்கா?

அக்கா


ஏப்ரல் 17

அக்காவுக்கு,

டாக்டர்கிட்ட போனேன். நீ சொல்லி இல்ல, பள்ளிக்கூடத்துல அனுப்பினாங்க. சுவத்துல இருக்கற எழுத்தைக் கடைசி வரி வரைக்கும் படிச்சேன். கலர் புள்ளிக்குள்ள நம்பர் கண்டுபிடிக்கற சோதனையும் பண்ணாங்க. ரெண்டு கண்ணும் நல்லா இருக்குன்னு எழுதிக் கொடுத்துட்டாங்க.

ஆபீஸ் மேடம் அதை வாங்கிப் பார்த்துட்டு, "எங்களுக்குத் தெரியுது அண்ணே, ஆனா பெத்தவங்க காதுக்குப் போயிடுச்சே, சொந்த அக்காவே சொல்லியிருக்காங்களேன்னு கேக்கறாங்க"ன்னாங்க. அவங்களைக் குத்தம் சொல்லி என்ன பண்றது. இப்ப வேனை வேற ஒருத்தன் ஓட்டறான். நான் ஷெட்டுல வண்டி கழுவறேன். காலையில பிள்ளைங்க வந்து இறங்கும்போது எனக்குக் கையாட்டுதுங்க. ஒண்ணு, "டிரைவர் மாமா, உங்களுக்குக் கண்ணு தெரியாதாமே, நான் எத்தனை விரல் காட்டறேன்?"னு கேட்டுச்சு. சொன்னேன். அது கை தட்டிட்டு ஓடிருச்சு.

மாப்பிள்ளை முன்னாடி நடந்ததைப் பத்தி நீ எழுதாத. நானும் எழுதல.

அந்த நீலத்துக்கு ஏன் "கண்டேன்"னு சொன்னேன்னு கேக்காத. கேட்டாலும் சொல்ல மாட்டேன்.

செருப்பு காலுலதான் இருக்கு. வண்டி கழுவ வசதியா இருக்கு.

தம்பி


ஏப்ரல் 22

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படிச்சிட்டு ரெண்டு நாள் மெஷின்ல உட்காரவே பிடிக்கல.

தப்பா எடுத்துக்காத, அந்த டாக்டர் உனக்குத் தெரிஞ்சவரா? இல்ல, கேக்கறேன். வேன் டிரைவர்னா பாவம் பார்த்துக் கையெழுத்துப் போடறவங்களும் இருக்காங்க.

சரி, கண்ணு நல்லாத்தான் இருக்குன்னே வெச்சுக்குவோம். அப்ப என்ன அர்த்தம்? பார்க்காமலே "கண்டேன்"னு சொல்லியிருக்க. கிழவி ஏதோ கத்திக்கிட்டு வர்றா, ஆமாம் போட்டா வாயை மூடுவான்னு நினைச்சிருக்க. அப்படித்தானே? உன் மாமா போனப்புறம் வருஷத்துல எனக்குன்னு இருந்தது அந்த ஒரு வாரம்தான். கடையைப் பூட்டிட்டு, வாடிக்கைக்காரங்க முணுமுணுப்பையெல்லாம் வாங்கிக் கட்டிக்கிட்டு ஓடி வருவேன். நீ என்னடான்னா தலையாட்டிப் பொம்மை மாதிரி எனக்கு ஆட்டியிருக்க. கண்ணு தெரியலன்னு நீ சொல்லியிருந்தாக்கூட எனக்கு இவ்வளவு வலிச்சிருக்காது.

நானே கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுத்தான் பார்த்துட்டு வர்றேன். ரெண்டு மூணு வருஷமா நம்ம வெள்ளைப் பொட்டுப் பூ ஒண்ணு கூட இல்ல, எங்கே பார்த்தாலும் மஞ்சளாத்தான் பூக்குது. அதைப் பத்திக்கூட உன்கிட்ட சொல்லி வருத்தப்பட்டேனே. "ஆமாக்கா, இந்த வருஷம் வெள்ளை கம்மி"ன்ன. அதுவும் சும்மாவா?

எனக்கு நேரமே சரியில்ல. நேத்து தச்ச துணியைக் கொடுத்துட்டு வரும்போது ஸ்கூட்டரை ஒரு இரும்புக் கம்பத்துல இடிச்சுட்டேன். எவனோ புதுசா நட்டு வெச்சிருக்கான். முழங்கைதான் சிராய்ச்சிருக்கு, பயப்படாத.

ஏன் சொன்னேன்னு நீ சொல்லித்தான் ஆகணும். இல்லன்னா அடுத்த வருஷம் நான் வரல.

அக்கா


ஏப்ரல் 30

அக்காவுக்கு,

சொல்ல மாட்டேன்னுதான் இருந்தேன். கம்பத்துல இடிச்சேன்னு நீ எழுதினதைப் படிச்சப்புறம் சும்மா இருந்தா நான் மனுஷனே இல்ல. அந்தக் கம்பம் புதுசு இல்ல அக்கா. உன் கடைத் தெருவுல திரும்பற முனையில இருக்கறதுதானே? நான் உன்னை அங்கே முதமுதல்ல கொண்டு விட்டப்போ அதுல சாய்ஞ்சு நின்னுதான் பெட்டியை இறக்கினேன்.

மாமா போன அடுத்த வசந்தத்துல நீ வந்தியே, ஞாபகம் இருக்கா? ரயில்லேர்ந்து இறங்கும்போதே ஆளே பாதியா இருந்த. வண்டியில ஏறி ரொம்ப தூரம் மடியில இருந்த பையையே பார்த்துக்கிட்டு வந்த. திடீர்னு, "வலப்பக்கம் மஞ்சள், புதர் முழுக்க"ன்ன. நான் திரும்பிப் பார்த்தேன். முள்வேலியில மாட்டிக்கிட்ட பிளாஸ்டிக் பை. வெள்ளைப் பை. சொல்லலாம்னு வாயைத் திறந்துட்டு உன் முகத்தைப் பார்த்தேன். சிரிச்சுக்கிட்டு இருந்த. எத்தனையோ மாசம் கழிச்சு சிரிக்கற ஒருத்திகிட்ட அது பிளாஸ்டிக் பைன்னு சொல்ல எனக்கு மனசு வரல. "கண்டேன்"னுட்டேன்.

அன்னிக்கு ஆரம்பிச்சதுதான். ரோடு போடறவங்க காயப்போட்ட சட்டையைப் பூன்ன. கண்டேன். சுண்ணாம்பு அடிச்ச மைல் கல்லைப் பூன்ன. கண்டேன். ஒரு தடவை, "இடப்பக்கம் மஞ்சள், பெரிய படுகை, காத்துல எப்படி அசையுது பாரு"ன்ன. ஆட்டுக் கூட்டம் அக்கா அது. அசையத்தானே செய்யும். அதுக்கும் கண்டேன்னு சொல்லிட்டு, சிரிப்பை அடக்க முடியாம இருமினேன். தண்ணி குடின்னு நீ பாட்டிலை நீட்டின.

அப்புறம் நான் திரும்பிப் பார்க்கறதையே விட்டுட்டேன். பார்த்துட்டுப் பொய் சொல்றதைவிட, பார்க்காம சொல்றது கொஞ்சம் சுலபமா இருந்துச்சு.

அந்த உழுத நிலத்தை நான் வேணும்னே திரும்பிப் பார்த்தேன், ஏன்னா நீ சொன்ன குரல் புதுசா இருந்துச்சு. வெறும் மண்ணுதான்னு நல்லாத் தெரிஞ்சுது. நீ சோதிப்பேன்னு நான் கனவுலயும் நினைக்கல. உனக்குக் கண்ணு இன்னும் மோசமாயிடுச்சுன்னு நினைச்சுக்கிட்டேன். பாப்பாவும் மாப்பிள்ளையும் பின்னாடி இருக்காங்க, அவங்க முன்னாடி நீ அசிங்கப்படக் கூடாதுன்னுதான் "என்னா நீலம்"னு ஒரு வார்த்தையைக் கூடச் சேர்த்தேன்.

நீ எல்லாரையும் இறக்கி நிக்க வெச்சு, "இந்தக் கண்ணை வெச்சுக்கிட்டா ஊர்ப் பிள்ளைங்களை ஏத்திட்டுப் போற"ன்னு கேட்டப்போ, பதில் தொண்டை வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன். வேன் போனப்பவும் முழுங்கிட்டேன். அதைப் பெரிய தியாகம்னு நினைச்சுக்கிட்டு இங்கே உட்கார்ந்து வண்டி கழுவிட்டு இருந்தேன், எனக்கே இப்ப வெட்கமா இருக்கு. தியாகம் என்ன தியாகம். தூரத்துல ஒண்ணும் தெரியாத ஒருத்தி தினமும் ஸ்கூட்டர் ஓட்டறான்னு தெரிஞ்சும், அவ மனசு நோகக் கூடாதுன்னு ஆமாம் போட்டுட்டு இருந்திருக்கேன். முதல் வருஷமே "அது பிளாஸ்டிக் பை அக்கா"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நீ எப்பவோ குணமாகியிருப்ப. நல்லவன்னு பேர் வாங்கறதுல எனக்கு அவ்வளவு ஆசை.

ஸ்கூட்டர் சாவியைக் கடைப் பொண்ணுகிட்ட கொடுத்துடு. கண்ணு டாக்டரைப் போய்ப் பாரு. என்னைத் திட்டறதா இருந்தா அப்புறம் திட்டு.

தம்பி


மே 12

தம்பிக்கு,

உன் கடிதம் வந்த அன்னிக்கு உன்னைத் திட்டித் திட்டி ஒரு கடிதம் எழுதினேன். எழுதி முடிச்சதும் கடை வாசல்ல போய் நின்னு எதிர்க் கடைப் பலகையைப் படிச்சுப் பார்த்தேன். அது என்ன கடைன்னு எனக்குத் தெரியும், அதனால படிக்க முடிஞ்சுது. அடுத்த கடை கை மாறிப் புதுசா பலகை வெச்சிருக்காங்க. அதுல ஒரு எழுத்து கூடத் தெரியல. உள்ளே வந்து நான் எழுதினதைக் கிழிச்சுப் போட்டேன்.

ரெண்டு கண்ணுலயும் புரையாம். நல்லாப் பழுத்துடுச்சாம். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "பக்கத்துல நல்லாத்தானே டாக்டர் தெரியுது, கண்ணாடி இல்லாம ஊசியில நூல் கோக்கறேனே"ன்னு பெருமையா சொன்னேன். "அதுதாம்மா அடையாளம்"ங்கறார். புரை முத்தும்போது சிலருக்குத் தூரம் மங்கி, கிட்டப் பார்வை கொஞ்ச நாளைக்குத் தெளிவாயிடுமாம். வெள்ளை மஞ்சளாத் தெரியுமாம், கருநீலம் கறுப்பாயிடுமாம். ஊர்ல இருக்கறவங்ககிட்ட எல்லாம் நான் அளந்து விட்ட பெருமை என் வியாதிடா. நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு.

கடைக்கு வந்து பொண்ணை உட்கார வெச்சு, மறைக்காம சொல்லுடின்னு கேட்டேன். அழுதுட்டா. வெள்ளை யூனிஃபார்ம் எத்தனையோ பேருக்குச் சந்தன கலர் நூல்ல தச்சுக் கொடுத்திருக்கேன். சில பேரு வாங்கிட்டுப் போய் வீட்டுல பிரிச்சுத் தச்சுக்கிட்டாங்களாம். சில பேரு அப்படியே போட்டுக்கிட்டாங்களாம். ஒருத்தரும் என்கிட்ட வாயைத் திறக்கல. மூஞ்சியைப் பார்த்து ரொம்ப அழகா இருக்குன்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க. ஊரே எனக்குக் கண்டேன் சொல்லியிருக்கு.

உன் மேல கோபம் இருக்கு. இல்லைன்னு சொன்னா பொய். என்னை இவ்வளவு நாள் இளிச்சவாயாக்கி வெச்சிருந்தியேன்னு இருக்கு. ஆனா அந்தக் கோபத்தை எங்கே கொண்டு போய் வெக்கறது? நீ எனக்காக வாயை மூடிக்கிட்ட, நான் வாயைத் திறந்து உன் சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டேன். அந்த டாக்டர் தெரிஞ்சவரான்னு வேற கேட்டேன். அந்த வரியை எழுதின கையைப் பார்த்தாலே எனக்குக் கூசுது. டிரைவர்னு உன்னை மட்டமா நினைக்கலைன்னு சொல்லத்தான் ஆசை. நினைக்காமலா அப்படி எழுதினேன்?

அடுத்த வாரம் ஒரு கண்ணுக்கு ஆபரேஷன். இன்னொண்ணு பிற்பாடு. நீ வர வேண்டாம். உன் முன்னாடி வந்து நிக்க எனக்கு இப்ப முகம் இல்ல.

அக்கா


ஜூன் 4

அக்காவுக்கு,

திங்கட்கிழமைலேர்ந்து வேனை எடுத்துக்கோங்கன்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. பழைய ரூட்டுதான்.

நீ வந்துட்டுப் போனதை வேன் ஆயா சொன்னாங்க. அன்னிக்கு நான் டயர் மாத்த வெளியில போயிருந்தேன். இருந்திருந்தா உன்னைப் பேச விட்டிருக்க மாட்டேன். பெத்தவங்க கூட்டம் நடக்கற நாளாப் பார்த்து வந்திருக்க. ஆபரேஷன் பண்ண கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கிட்டு முன்னாடி போய் நின்னு, "கண்ணு தெரியாதது எனக்கு, பழி சுமந்தது என் தம்பி"ன்னு ஆரம்பிச்சியாமே. ஆட்டுக் கூட்டத்தைப் பூன்னு சொன்ன கதையைக்கூட விடலையாம். எல்லாரும் சிரிச்சாங்களாம். சிரிச்சு முடிக்கற வரைக்கும் நீ நின்னுட்டு, அப்புறமும் கையைக் கட்டிக்கிட்டு மன்னிப்புக் கேட்டியாமே.

ஏன்க்கா இப்படிப் பண்ண? ஒரு வரி எழுதி அனுப்பியிருந்தா போதாதா? எனக்கு வேன் கிடைச்ச சந்தோஷம்கூட முழுசா இல்ல.

வீட்டுக்கு வராமலே அடுத்த ரயிலைப் பிடிச்சுட்டியாம். பாப்பா வருத்தப்பட்டா.

தம்பி


ஜூன் 11

தம்பிக்கு,

ஒரு வரி எழுதினா ஆபீஸ் மேடம் படிப்பாங்க, பைல்ல வெச்சிடுவாங்க. நான் உன்னை நாலு பேர் முன்னாடி இறக்கி விட்டேன். நாலு பேர் முன்னாடிதான் ஏத்தி விடணும். இதுல யோசிக்க என்ன இருக்கு. சிரிச்சாங்கதான். காது சுட்டுச்சு. அந்த மேட்டுல மாப்பிள்ளை முன்னாடி உனக்கும் இப்படித்தானே சுட்டிருக்கும்னு நின்னுக்கிட்டு இருந்தேன்.

ஒரு கண்ணுதான் சரியாகியிருக்கு. ஆனா அந்த ஒரு கண்ணால பார்க்கறதே தாங்கல. என் கடைச் சுவரு அழுக்கு மஞ்சள்னு வருஷக்கணக்கா கட்டட ஓனரோட சண்டை போட்டுக்கிட்டு இருந்தேன். பளிச்சுன்னு வெள்ளையா இருக்கு. அவருகிட்டயும் போய் மன்னிப்புக் கேக்கணும். வரிசை நீளமா இருக்கு. ரயில்ல வரும்போது ஜன்னல்ல மூக்கை வெச்சுக்கிட்டு வந்தேன். வசந்தம் முடிஞ்சு எல்லாம் காய்ஞ்சு போயிருந்துச்சு. ஒரு இடத்துல மட்டும் வாய்க்கால் ஓரமா வெள்ளைப் பொட்டு கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. அது எங்கேயும் போகலடா. பக்கத்துல கண்டேன் சொல்லத்தான் ஆள் இல்ல.

டயர் மாத்தப் போயிருந்தேன்னு எழுதியிருக்க. சரி.

கூட்டம் முடிஞ்சு ஷெட்டுப் பக்கமாத்தான் வெளியே வந்தேன். வேன் ஒண்ணு பாதி கழுவி நின்னுச்சு. குழாய் தண்ணி ஓடிக்கிட்டே இருந்துச்சு, ஆளைக் காணோம். வேனுக்கு அடியில அந்தப் பக்கம் ரெண்டு காலு தெரிஞ்சுது. ரப்பர் செருப்பு. போன வருஷம் கறுப்புன்னு நினைச்சு நான் வாங்கிக் கொடுத்தது. நீயும் கறுப்புன்னே சொல்லிப் போட்டுக்கிட்டது. கூப்பிடலாம்னு நின்னேன். எனக்கும் உன் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரல. வாசல் கேட் பக்கம் போய் ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன், அப்பவும் காலு அங்கேயேதான் இருந்துச்சு. போயிட்டேன்.

இனிமே நம்ம சட்டத்துல ஒண்ணு சேர்த்துக்கலாம். இல்லாததை இல்லைன்னு சொல்லலாம், யாரும் கோவிச்சுக்கக் கூடாது. அதையே இப்பப் பார்த்துடுவோம். மனசுக்காகச் சொல்லாத, நெஜத்தைச் சொல்லு.

இடப்பக்கம் நீலம். வேனுக்கு அடியில, தண்ணிக்கு நடுவுல, ரெண்டு.

அக்கா


ஜூன் 17

அக்காவுக்கு,

ரெண்டாவது கண்ணுக்கு என்னிக்குன்னு எழுது. நான் வந்து கூட்டிட்டுப் போறேன், ரயில் வேண்டாம்.

டயர் மாத்தல. நீ கூட்டத்துல பேச ஆரம்பிச்சதிலேர்ந்து ஜன்னலுக்கு வெளியே ஈரக் கையோட நின்னுக்கிட்டுதான் இருந்தேன். உள்ளே வந்து உன் பக்கத்துல நின்னிருக்கணும். அவங்க சிரிச்சப்போ கால் நகரல. நீ வெளியே வர்றது தெரிஞ்சதும் வேனுக்குப் பின்னாடி போயிட்டேன். நீ கேட் பக்கத்துல திரும்பிப் பார்த்தப்போ, கண்ணாடியைக் கழட்டிட்டுக் கண்ணு கூசக் கூசப் பார்த்தியே, அதையும் வேன் கண்ணாடி வழியா பார்த்துட்டு அங்கேயேதான் நின்னேன்.

கண்டேன்.

தம்பி